இரவல் கட்டைவிரல்

கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகிற பெரிய ரோட்டில் எட்டாவது கட்டையில், அதாவது எட்டாவது மைல்கல்லில், திரும்பினால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்று வரும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. ஆட்கள் எட்டாங்கட்டைத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே மூன்று வருடமும் நாலு மாதமும் குலை வெட்டிய பிறகு, முருகையாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தான் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறோமா இல்லையா என்பதுதான் அது. சந்தேகத்தை அவனாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. பெர்மிட் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஓர் அலுவலகம், முறைப்படி முத்திரை குத்தி, நகல் எடுத்து, அவன் கையில் கொடுத்தது.

அவனுக்கு வேண்டியிருந்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஜனவரி பத்தாம் தேதியோடு முடிகிற பெர்மிட்டை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். தை பன்னிரண்டில் ஊரில் மகளுக்குக் காதுகுத்து. அதற்குப் போய் நிற்க வேண்டும். மகள் அம்சவள்ளி பிறந்தபோது அவன் பத்தாம் நம்பர் காட்டில் அரிவாள் கட்டிய கம்பைத் தூக்கி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு மூன்று வயது ஆகிவிட்டது. அவளுக்குத் தெரிந்த அப்பா உள்ளங்கை அகலம்தான் இருப்பார், பேசிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் வாயைத் திறந்தபடி நின்றுபோவார். அப்பா ஏரோப்ளேனில் வருவார் என்று அவன் மனைவி நவமணி சொல்லிச் சொல்லி வளர்த்திருந்ததால், வானத்தில் எது பறந்தாலும் அந்தக் குழந்தை வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்க்கும்.

பெர்மிட் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. பெர்மிட் முடிந்த பிறகு இங்கேயே இருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆகவே பெர்மிட் கைக்கு வந்ததும் லீவு தருகிறேன் என்று மானேஜர் சொல்லியிருந்தார். மனிதர் நல்லவர். முருகையாவின் பாஸ்போர்ட்டைக்கூடப் பாதுகாப்புக்காக ஆபீஸ் இரும்பு அலமாரியில்தான் வைத்திருந்தார். அது அவ்வளவு பாதுகாப்பாக இருந்ததால் முருகையா அதை மூன்று வருடத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருந்தான்.

இந்தக் கதை விளங்க வேண்டுமானால் எட்டாங்கட்டைத் தோட்டத்துக் காலைப் பெரட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னால் ஆட்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று பெயர் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். முன்பெல்லாம் ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் கூப்பிட, ஆள் குரல் கொடுக்க, கிராணி புத்தகத்தில் குறித்துக்கொள்வார். நாலு வருடத்துக்கு முன் கம்பெனி, மனிதர்களை நம்புவது பழைய முறை என்று கண்டுபிடித்து, சுவரில் ஒரு பெட்டியை மாட்டியது. அதில் கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரியும். ஆள் வந்ததாக அர்த்தம். ஆனால் நாள் முழுக்க முள்ளிலும் கம்பிலும் உரசிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? குலை வெட்டுகிறவர்களில் பன்னிரண்டு பேருடைய விரலை அந்தப் பெட்டி விரல் என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் கிராணி சேது. ஐம்பத்தேழு வயது, முப்பத்தைந்து வருடமாகப் பேனாவைத் தவிர எதையும் கனமாகப் பிடிக்காத கை, மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிற கட்டைவிரல். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் பெட்டியில் தன் விரலையே பதிந்து வைத்துவிட்டு, காலையில் ஒவ்வொருவர் நம்பரையும் அழுத்தித் தன் விரலைப் பன்னிரண்டு தடவை வைப்பார். பன்னிரண்டு தடவை பச்சை எரியும். இதை யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. காலில் முள் குத்தியவனுக்குப் பக்கத்து ஆள் முள் எடுத்துவிடுவதில்லையா, அந்த மாதிரி ஓர் ஒத்தாசை என்றுதான் நினைத்தார்கள்.

பெட்டி மாட்டிய மறு வருடம், வந்து இறங்கிய புது ஆட்களின் விரலைப் பதிய ஒரு வேன் தோட்டத்துக்கே வந்தது. வரிசையில் கடைசி ஆள் முருகையா. ஊரில் கருங்கல் உடைத்துவிட்டு வந்த கை அது. எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார்கள். வேனிலிருந்த மெஷின் அசையவில்லை. வந்த அதிகாரிக்குச் சாப்பாட்டு நேரம். அவர் மணியைப் பார்த்தார், முருகையாவைப் பார்த்தார், மறுபடியும் மணியைப் பார்த்தார். சேது, தினமும் செய்கிற காரியம்தானே என்று, "நவுந்துக்க தம்பி" என்று சொல்லித் தன் விரலை வைத்தார். பச்சை எரிந்தது. அதிகாரி அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகச் செம்பனையை ரசித்துக்கொண்டிருந்தார்.

பெரட்டுப் பெட்டியிலும் பதின்மூன்றாவது ஆளாக முருகையாவுக்குச் சேதுவின் விரலே பதிந்தது. வேனில் நடந்தது மூன்று வருடம் யாருக்கும் நினைவில் இல்லை. ஏனென்றால் மூன்று வருடமும் பெர்மிட்டை யாரும் விரலைக் கேட்காமல்தான் புதுப்பித்தார்கள்.

இந்த வருடம் சட்டம் மாறியது. சுங்கை பெசாரில் ஒரு கடைவீட்டு மாடியில் 'ஒரே நிறுத்த மையம்' என்று ஒன்றைத் திறந்து, பெர்மிட் வேண்டுகிறவர் நேரில் வந்து விரலைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஒரே தடவை நின்றால் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். அக்டோபரில் முருகையாவைத் தோட்டத்து வேனில் ஏற்றிக்கொண்டு சேது போனார். சுவரில், பதினைந்தே நிமிடத்தில் சேவை என்று எழுதியிருந்தது. அந்தப் பதினைந்து நிமிடம் எப்போது தொடங்கும் என்று எழுதவில்லை. காலை எட்டு மணிக்கு வாங்கிய நம்பரை மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

நாலாம் முகப்பில் உட்கார்ந்திருந்தவர் கணேஸ்வரன். ரவாங்கிலிருந்து வருகிறவர், கழுத்தில் டை, அதன்மேல் அடையாள அட்டை, அதன்மேல் சிரித்த முகம். முருகையாவின் விரலை மெஷினில் பதினோரு தடவை வைக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைத் துடைத்தார். விரலை ஒரு தடவையும் பார்க்கவில்லை. கடைசியில் திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"விரல் இருக்கு. ஆனா விரல்ல ஒன்னும் இல்ல. வேலை செஞ்சு தேச்சிட்டாரு."

சேது பணிவாகத்தான் கேட்டார். "இது வேலை பெர்மிட்டுதானே சார்?"

"வேலை பெர்மிட்டுதான். அதனாலதான் கண்டிப்பா இருக்கோம்" என்றார் கணேஸ்வரன்.

வழி இல்லாமல் இல்லை. நாலு வாரம் எந்த வேலையும் செய்யாமல் இருந்தால் ரேகை முளைக்கும். அதோடு, இவருக்குக் கட்டைவிரல் உண்டு என்று மையம் அங்கீகரித்த டாக்டரிடம் ஒரு கடிதம். கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து அங்கீகரித்த கிளினிக் கலும்பாங்கில் இருந்தது. முருகையா இருப்பது கடல் பக்கம், கலும்பாங் மலைப் பக்கம். நடுவில் முழு மாநிலமும் கிடக்கிறது. தோட்டத்து வேனில் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அங்கே தாதி ஒரு மெஷினை முன்னால் தள்ளி, நோயாளியைப் பதிவு செய்யக் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். விரல் பதியவில்லை என்று காட்டத்தான் வந்திருக்கிறோம் என்று சேது சொன்னார். விரல் பதிந்தால்தான் டாக்டர் பார்ப்பார் என்றாள் அவள். விரல் பதிந்தால் டாக்டரை எதற்குப் பார்க்க வேண்டும் என்று சேது கேட்டதற்கு, அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் தேத்தண்ணி குடிக்க வெளியே வந்தபோது சேது ஓடிப்போய் மறித்துக்கொண்டார். அவர் நின்றபடியே எழுதிக் கொடுத்தார். 'இவருக்கு வலது கையில் கட்டைவிரல் இருக்கிறது. அது இவருடையதாகவே தெரிகிறது.'

பிறகு ஒரு மாதம் முருகையா, ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் உட்கார்ந்தான். கூட இருந்தவர்கள் அவனைத் தட்டுக் கழுவ விடவில்லை, துணி துவைக்க விடவில்லை. நவமணி போனில் சொன்னபடி கட்டைவிரலைத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தில் முக்கி வைத்துக்கொண்டு, புதுப் பெண் மாதிரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உடம்பு உழைத்துப் பழகியவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று சும்மா இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஏழு நாள் தொடர்ந்து பெரட்டில் விரல் வைக்காத வெளிநாட்டு ஆளை, ஓடிப்போனவன் என்று சுவரிலிருக்கிற பெட்டியே கம்ப்யூட்டர் வழியாக மையத்துக்கு அறிவித்துவிடும். அதனால் சேது காலையில் வழக்கம்போல அவனுக்கும் விரலை வைத்து வந்தார். பெட்டியின் கணக்குப்படி அந்த மாதம் முருகையா ஒரு நாள்கூட வேலை தவறவில்லை. தோட்டத்திலேயே முழு வருகை தந்தவன் என்று மானேஜர் அவனுக்கு ஒரு சான்றிதழும் குளியல் துண்டும் கொடுத்தார். எண்ணெய் படாமல் இடது கையால் வாங்கிக்கொண்டான்.

நவம்பர் கடைசியில் மறுபடியும் சுங்கை பெசார். இதற்குள் கணேஸ்வரன் மேற்பார்வையாளர் ஆகியிருந்தார். டாக்டர் கடிதத்தில் 'தெரிகிறது' என்று இருப்பது உறுதியாக இல்லையே என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு, விரலை வைக்கச் சொன்னார். முருகையா வைத்தான். முதல் தடவையிலேயே ரேகை அத்தனையும் திரையில் வந்து நின்றது. அவனுக்கே தன் விரலைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடி திரை சிவந்தது.

கணேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, போன தடவை உங்களுக்கு விரல் இல்ல, நாங்க உங்கள நம்பினோம். இப்ப நல்ல விரலோட வந்திருக்கீங்க. அதனால நீங்க முருகையா இல்லன்னு தெரிஞ்சு போச்சு. முருகையாவோட விரல் எங்ககிட்ட இருக்கு, அது வேற. விரல் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்."

முருகையா தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். சேதுவுக்கு அப்போதுதான் அந்த வேன் ஞாபகம் வந்தது. மனிதர் மறைக்கவில்லை. அந்த விரல் தன்னுடையதுதான், அன்றைக்கு அதிகாரிக்குப் பசி, ஒரு ஒத்தாசைக்கு வைத்தேன் என்று உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நம்புகிற தலைமுறை அவர்.

கணேஸ்வரன் அவரை விரல் வைக்கச் சொன்னார். பச்சை எரிந்தது. கணேஸ்வரனின் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து நின்று சேதுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்லவேளை வந்தீங்க முருகையா" என்றார்.

சேது சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட, குடிமக்களுக்குத் தருகிற நீல அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த அட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. எட்டாங்கட்டைத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர் அவர். பிறப்பைக் காலத்தில் பதியவில்லை என்பதற்காக இருபத்தெட்டு வருடம் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அட்டையோடு அலைந்து, நாற்பத்தாறாவது வயதில்தான் நீல அட்டை வாங்கினார். குளிக்கும்போது மட்டும்தான் அது அவர் உடம்பை விட்டுப் பிரியும். திரையில் இருக்கிற படத்தையும் பாருங்கள், அது என் முகமா என்று கேட்டார்.

படம் மாறும், முடி கொட்டும், வயசாகும், முகத்தை நம்பி ஓர் அலுவலகம் நடத்த முடியாது என்றார் கணேஸ்வரன். அதோடு, ஒரே விரல் இரண்டு பதிவில் இருந்தால் கடைசியாகப் பதிந்ததே செல்லும். நீல அட்டை பதினோரு வருடத்துக்கு முன்னால். வேன் மூன்று வருடத்துக்கு முன்னால். ஆகவே சேது என்பது பழைய பதிவு.

"நான் இந்த மண்ணுல பொறந்தவன் சார்" என்றார் சேது.

"உணர்ச்சி புரியுது அங்கிள். எங்க தாத்தாவும் தோட்டத்துல ரப்பர் பால் மரம் வெட்டினவர்தான். எனக்குத் தாத்தா இருக்காரு, உங்களுக்கும் இருக்காரு. சிஸ்டத்துக்குத் தாத்தா கிடையாது லா."

அப்படியானால் நான் யார் என்று முருகையா கேட்டான். அது நியாயமான கேள்வி என்று கணேஸ்வரன் ஒப்புக்கொண்டு, விசைப்பலகையைத் தட்டிப் பார்த்தார். இந்த விரலோடு யாரும் இந்த நாட்டுக்குள் வந்ததாகப் பதிவு இல்லை. வராத ஆளுக்குப் பெர்மிட் கொடுக்க முடியாது. வராத ஆளை வெளியே அனுப்பவும் முடியாது. முதலில் முறைப்படி உள்ளே வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். உள்ளே வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, வெளியே போய்விட்டு வர வேண்டும் என்றார். வெளியே போக என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, உள்ளே வந்த பதிவைக் காட்ட வேண்டும் என்றார். இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார். நான் முதலில் சொன்ன தாள் அதுதான்.

இருவரும் வேனில் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். வழியில் செகிஞ்சான் வயல்கள் அறுவடைக்குத் தயாராக நின்றன. ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மானேஜர் தாளைப் படித்துவிட்டு, பதிவில் இல்லாத ஆளைக் காட்டுக்குள் விட்டால் தோட்டத்துக்கு ஆபத்து, லயத்திலேயே இரு, கேட்டைத் தாண்டாதே என்று முருகையாவிடம் சொன்னார். முருகையா மறுபடியும் வாசற்படியில் போய் உட்கார்ந்தான். இந்தத் தடவை எண்ணெய்க் கிண்ணம் இல்லாமலே விரல் மெத்தென்று ஆகிக்கொண்டு வந்தது. ராத்திரி நவமணி கூப்பிட்டு, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டாள். எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

டிசம்பர் நடுவில் மேல்முறையீடு. மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரியாகக் கணேஸ்வரனே உயர்ந்திருந்தார். திரைச்சீலை போட்ட தனி அறை. சேது ஒரு மனு எழுதிக்கொண்டு போயிருந்தார். நடந்தது ஒரு சின்னத் தவறு, திருத்திக் கொடுங்கள் என்பது மனுவின் சாரம். கணேஸ்வரன் அதை முழுவதும் படித்தார். படித்துவிட்டு, நிதானமாகப் பேசினார்.

"தவறுங்கிற வார்த்தையை எடுத்துடுங்க அங்கிள். இந்த மையம் திறந்து ஒன்பது மாசத்துல ஒரு தவறுகூட நடக்கல. நடந்திருந்தா பதிவாகி இருக்கணுமில்ல? எங்க ஃபாரத்துல தவறைப் பதிய இடமே கிடையாது. அந்த அளவுக்கு நம்பிக்கையோட தயாரிச்சிருக்கோம். எனக்கே ரெண்டு தடவை பதவி உயர்வு குடுத்திருக்காங்க. தவறு இருந்தா குடுப்பாங்களா?"

சேது மனுவை மடித்துக்கொண்டார். ஆனால் கணேஸ்வரன் கைவிடவில்லை. பதிவைத் திருத்தத்தான் முடியாது; மூட முடியும். ஒரு தொழிலாளியின் பதிவை மூட மூன்று காரணங்களை ஏற்றுக்கொள்வார்கள்: இறந்துவிட்டார், ஓடிப்போய்விட்டார், சொந்த நாடு திரும்பிவிட்டார். முருகையா என்கிற பதிவை மூடிவிட்டால் அந்தப் பெயர் காலியாகும். பிறகு இந்தத் தம்பி தன் சொந்த விரலோடு அந்தப் பெயரில் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். மூன்றில் உங்களுக்கு எது வசதி என்று சேதுவைக் கேட்டார்.

சேது மூன்றையும் யோசித்துப் பார்த்தார். இறப்பதற்கு இன்னும் நாள் இருந்தது. ஓடிப்போனதாகச் சொன்னால் தேடிப் பிடிப்பார்கள். கடைசியில், சொந்த நாடு திரும்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். முருகையா வேண்டாம் அண்ணே என்று கையைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்கவில்லை.

"விரல வச்சவன் நான்தானே தம்பி. நாலு நாள்ல போயிட்டு வந்துர்றேன்" என்றார்.

திரும்பி வருவது எப்படி என்று கேட்டதற்கு, அது வேறு முகப்பு என்று கணேஸ்வரன் சொல்லியிருந்தார். அதை சேது முருகையாவிடம் சொல்லவில்லை.

மையமே ஒரு பயணக் கடிதம் கொடுத்தது. அதில் பெயர் முருகையாவுடையது, படம் சேதுவுடையது. விரல் மட்டும்தான் சரியாக இருந்தது. சிஸ்டம் கொடுத்த பயணத் தேதி ஜனவரி பத்தொன்பது, திருச்சி விமானம். அங்கே இறங்கி, மையத்தின் திருச்சி அலுவலகத்தில் ஒரு வாரத்துக்குள் விரல் வைத்தால் பதிவு மூடும். முருகையா பெட்டி கட்டினான், சேதுவுக்காக. மகளுக்கு வாங்கி வைத்திருந்த தோடு, சிவப்புக் கவுன், மைலோ டின், சாவி கொடுத்தால் தலையாட்டுகிற யானை. காதுகுத்தைக் கூட இருந்து நீங்கள்தான் நடத்திக் கொடுக்க வேண்டும் அண்ணே என்று சொன்னான். அவன் பெயரில் எடுத்த டிக்கெட்டில் அவன் மகளைப் பார்க்க இன்னொருவர் போகிறார். போகிறவருக்கோ போக விருப்பமில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் பெட்டிக் கயிற்றை இறுக்கி இறுக்கி முடிந்தான்.

வேன் கிளம்பும்போது சேது ஜன்னலை இறக்கினார். "அங்க இந்த மாசம் குளிருமா தம்பி?" என்று கேட்டார். ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாகத் தாய்நாடு திரும்புகிற மனிதர் அதைத்தான் கேட்டார்.

மறுநாள் பெரட்டில் சேது இல்லை. மற்ற பன்னிரண்டு பேருக்கும் அவசரமாக, காட்டு வேலையை மேற்பார்க்கிற மண்டோர் தங்கராஜுவின் விரலைப் பெட்டியில் மாற்றிப் பதிந்தார்கள். முருகையாவின் பதிவை மட்டும் மாற்ற முடியவில்லை; விசாரணையில் இருக்கிற நம்பர் என்று பெட்டி மறுத்தது. இப்போதுதான் நல்ல ரேகை இருக்கிறதே என்று முருகையா தன் விரலையே வைத்துப் பார்த்தான். சிவப்பு எரிந்தது. மூன்று வருடமாகத் தினமும் அதன் முன்னால் நின்றவனை, நீ முருகையா இல்லை என்று அந்தப் பெட்டியும் சொல்லிவிட்டது. தினமும் போய் வைத்தான். தினமும் சிவப்புதான் எரிந்தது.

ஏழாம் நாள் தை பன்னிரண்டு. மத்தியானத்துக்கு மேல் மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது. முருகையாவை எதிர் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, சங்கடத்தோடு தாளை அவன் பக்கம் திருப்பினார்.

"நீ ஓடிப்போயிட்டேன்னு பெட்டி அனுப்பிருச்சுப்பா. நீ இங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொன்னா அது என் அபிப்பிராயம். பெட்டி சொன்னா அது தகவல்."

முருகையா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது. நவமணி. எடுத்துக்கொள் என்று மானேஜர் கையைக் காட்டினார். திரையில் கோயில் வாசல், பந்தல், சொந்தக்காரர்கள் முகம். சேதுவின் முகமும் வந்தது. வெயிலில் கறுத்து, யாருடையதோ வேட்டியைக் கட்டிக்கொண்டு. பதிவை மூடக் காலையில் திருச்சி அலுவலகத்துக்குப் போனேன், முருகையா ஓடிப்போய்விட்டதாக அங்கிருந்து தகவல் வந்திருக்கிறது, ஓடிப்போனவர் நாடு திரும்பியதாகப் பதிய முடியாது என்கிறார்கள், என் நீல அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் தம்பி என்று வேகமாகச் சொன்னார். அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது.

தாய்மாமன் மடியில் அம்சவள்ளி சிவப்புக் கவுனில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். ஒரு காது, இன்னொரு காது. குழந்தை வீறிட்டு, மாமன் மடியிலிருந்து நழுவி, அம்மாவைத் தாண்டி ஓடிப்போய் சேதுவின் காலைக் கட்டிக்கொண்டது. அப்பாவைத் தேடுது பாரு என்று யாரோ கிழவி சொல்ல, பந்தலே சிரித்தது. நவமணி மட்டும் சிரிக்கவில்லை. சேது பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கி, போனைக் காட்டினார்.

"நான் இல்லம்மா. அந்தா பாரு, அதுதான் அப்பா."

அம்சவள்ளி அழுகையை நிறுத்திவிட்டு, போனை உற்றுப் பார்த்தாள். முருகையா சிரிக்க முயன்றான். அவள் தலையை ஆட்டினாள்.

"அது போன் அப்பா. இதுதான் ப்ளேன்ல வந்த அப்பா."

சொல்லிவிட்டு, சேதுவின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படம் அப்படியே நின்றுபோனது. முருகையா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்தது.

மானேஜருக்கு இன்னும் ஒரே ஒரு காரியம் பாக்கி இருந்தது. ஓடிப்போனவர் என்று அறிவித்த தாளின் நகலை ஓடிப்போனவரிடம் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று மையம் கேட்டிருந்தது. கையெழுத்துக் கூடாது, கைநாட்டுதான். அவர் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

முருகையா கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினான். மூன்று மாதம் வேலை செய்யாத விரல். ரேகை ஒன்று விடாமல் விழுந்தது. மானேஜர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, காய்வதற்காக அதை மின்விசிறிக்கு அடியில் வைத்தார்.